ஆளுக்கொரு சாவி: ஓடிக்கொண்டிருக்கும் பனியன் கம்பெனி நெட்வொர்க்கில் எண்டர்பிரைஸ் வைஃபை அமைப்பது எப்படி?

திருப்பூரில் பெரும்பாலான எக்ஸ்போர்ட் அலுவலகங்களில் வைஃபை பாஸ்வேர்டு ஒன்றே ஒன்றுதான். கம்பெனி பெயர், பின்னால் 123. மெர்ச்சண்டைசர், கணக்குப் பிரிவு, பேக்கிங் சூப்பர்வைசர், சாம்பிள் பார்க்க வந்த பையரின் ஆள், ஏசி சர்வீசுக்கு வந்த பையன், எல்லாருடைய போனிலும் அதே சொல் இருக்கும்.

தீபாவளி போனஸ் வாங்கியதும் பாதிப் பேர் கம்பெனி மாறுவார்கள். காங்கேயம் ரோட்டில் நாலு கட்டடம் தள்ளி வேலைக்குச் சேர்ந்த மெர்ச்சண்டைசர், பழைய கம்பெனி வாசலில் டீ குடிக்க நின்றாலே அவருடைய போன் தானாக உள்ளே இணைந்துவிடும். அதே நெட்வொர்க்கில்தான் ஈஆர்பி (ஆர்டரும் கணக்கும் ஓடும் மென்பொருள்) சர்வர், பையர் அனுப்பிய டெக் பேக் (ஆடையின் அளவு, டிசைன் விவரம்), விலைக் கணக்கான காஸ்டிங் ஷீட் எல்லாம் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. டபிள்யூபிஏ2 பர்சனல் (எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு) முறையில் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர், மற்றொரு கருவி இணையும் தருணத்தைக் காற்றில் பிடித்துவிட்டால் அதன் போக்குவரத்தையே பிரித்துப் படிக்க முடியும்.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாமே என்றால், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க தம்பி, ஒருத்தர் நின்னதுக்கு நாப்பது பேருக்கு மறுபடி போட்டுத் தரோணுமுங்களா?" நியாயமான கேள்வி. அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. ஒருவர் வேலையை விட்டால் அவருடைய ஒரு வரியை மட்டும் நிறுத்த முடிய வேண்டும், மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் தெரியக் கூடாது. அப்படி ஓர் அமைப்பை, இருக்கிற வேலை ஒரு நாளும் நிற்காமல் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்படி வேலை செய்கிறது

மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கேட்டில் வாட்ச்மேன் நிற்கிறார். உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வதில்லை. டோக்கன் நம்பரை டைம் ஆபீசுக்குச் சொல்வார், அங்கே ரிஜிஸ்டரைப் பார்த்து "விடு" என்றால் விடுவார். வைஃபையில் வாட்ச்மேன் என்பது ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி. டைம் ஆபீஸ் என்பது ரேடியஸ் சர்வர். வருகிற ஆள் உங்கள் லேப்டாப் அல்லது போன். இவர்கள் மூவரும் பேசிக்கொள்ளும் முறைக்குப் பெயர் 802.1எக்ஸ். 2001-இல் தரப்படுத்தப்பட்டது, இன்று விற்கும் எந்த லேப்டாப்பிலும் போனிலும் உண்டு. வைஃபை அமைப்புப் பக்கத்தில் டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ் அல்லது டபிள்யூபிஏ3 எண்டர்பிரைஸ் என்று தெரிவது இதுதான்.

டைம் ஆபீஸ் சம்மதித்ததும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிச் சாவி உருவாகிறது. பக்கத்து மேசைக்காரரின் போக்குவரத்தை இன்னொருவர் படிக்கும் வேலை அதோடு முடிந்தது.

படி 1: முதலில் நடந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க ஒரு நடை. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டின் மாடலைக் குறியுங்கள், அதில் எண்டர்பிரைஸ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான ரௌட்டர்கள் சிலவற்றில் இருக்காது. ஸ்விட்ச் ஒவ்வொன்றும் மேனேஜ்டா (உள்ளமைப்பை மாற்ற முடிவது), சாதாரணமா என்று பாருங்கள். வீலான் என்பது ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க். சாதாரண ஸ்விட்ச் வழியாகப் பல வீலான்களைக் கொண்டுபோவதை நம்ப முடியாது. ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போகும் வழியில் உள்ளவற்றை மட்டுமாவது மாற்ற வேண்டும்.

நிட்டிங், கட்டிங் தளங்களில் உள்ள ஸ்விட்ச்சைக் கழற்றி அதன் காற்றுத் துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி பஞ்சு படிந்திருக்கும். விரலால் இழுத்தால் ஒரே துண்டாக வரும். அந்தச் சூட்டில் போர்ட்கள் விட்டு விட்டு வேலை செய்யும், கடைசியில் புதிதாக வந்த ரேடியஸ் மேல் பழி விழும். முதலில் அதைச் சுத்தம் செய்துவிடுங்கள், முடிந்தால் மூடிய ரேக்கில் ஏற்றுங்கள்.

அப்புறம் நிலையான ஐபி வைத்திருக்கும் கருவிகளின் பட்டியல்: ஈஆர்பி சர்வர், பிரின்டர்கள், பயோமெட்ரிக் வருகை மெஷின், சிசிடிவி பெட்டி, கட்டிங்கில் மார்க்கர் போடும் பிளாட்டர், எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் கம்ப்யூட்டர். இதில் ஒன்றை விட்டுவிட்டாலும் மாற்றும் நாளில் அதுதான் முதலில் கத்தும்.

படி 2: இருப்பதைத் தொடாமல் பக்கத்தில் கட்டுங்கள்

இருக்கும் நெட்வொர்க்கை உடைத்துப் புதிதாக அடுக்க வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம். பழையது அப்படியே இருக்கட்டும், அதன் பக்கத்தில் புதிய வீலான்களை உருவாக்குங்கள். நான் வழக்கமாக வைப்பது: அலுவலகப் பணியாளர்களுக்கு 20, தளக் கருவிகளுக்கு 30, விருந்தினருக்கு 40, ஆக்சஸ் பாயின்ட், ஸ்விட்ச், ரேடியஸ் ஆகியவற்றின் நிர்வாகத்துக்கு 99. எண்கள் எதுவாகவும் இருக்கலாம், எல்லா ஸ்விட்ச்சிலும் ஒன்றாக இருந்தால் சரி.

இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டி பெரும்பாலும் வீலானைப் பிரித்தாளாது. அதற்குப் பின்னால் மைக்ரோடிக் போன்ற ஒரு ரௌட்டரோ ஃபயர்வாலோ வேண்டும். ஒவ்வொரு வீலானுக்கும் தனி ஐபி வரிசை, தனி டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் சேவை). 20-இலிருந்து ஈஆர்பிக்கும் பிரின்டருக்கும் வழி விடுங்கள். 40-இலிருந்து இன்டர்நெட் தவிர எங்கும் விடாதீர்கள். 99-க்குள் உங்கள் ஒரு கம்ப்யூட்டரைத் தவிர யாரும் போகக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட் செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டை டிரங்காக (பல வீலான்களைச் சுமக்கும் போர்ட்டாக) மாற்றி, 99-ஐ டேக் (வீலான் எண் அடையாளம்) இல்லாமலும் 20, 30, 40 மூன்றையும் டேகோடும் அனுப்புங்கள்.

படி 3: ரேடியஸ் சர்வர்

ஏற்கெனவே விண்டோஸ் சர்வரும் ஆக்டிவ் டைரக்டரியும் (பணியாளர் கணக்குகளின் பட்டியல்) இருந்தால், அதிலேயே உள்ள நெட்வொர்க் பாலிசி சர்வர் போதும். இல்லாத இடத்தில் ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை. நூறு பேருக்கு 2 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டாலே தாராளம். 2024 ஜூலையில் ரேடியஸ் நெறிமுறையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற ஓட்டை வெளியானது. அதனால் 3.2.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்றால் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி மதர்போர்டில் இருக்கும் பேட்டரியை மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு எதற்கும் உதவாது. கருவிக்குக் கருவி சர்டிஃபிகேட் (டிஜிட்டல் அடையாளச் சான்று) கொடுத்திருந்தால் "இது இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை" என்று சர்வர் எல்லாரையும் தள்ளிவிடும். என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் எடுக்கும் சேவை) வைத்து நேரத்தைச் சரியாக ஓட்டுங்கள். மின்தடைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே உள்ள அந்தச் சில விநாடிகளுக்காக சர்வர், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் யுபிஎஸ் மேல் இருக்க வேண்டும். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு ஸ்விட்ச்சை மறந்துவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும்.

சர்வருக்கு 99-இல் நிலையான ஐபி. யூடிபி போர்ட் 1812 அனுமதி கேட்க, 1813 கணக்குப் பதிவுக்கு. பழைய ஆக்சஸ் பாயின்ட் சிலவற்றில் 1645, 1646 என்று இருக்கும், மாற்றிவிடுங்கள்.

படி 4: ஆக்சஸ் பாயின்ட்டுகளைப் பதிவு செய்தல்

ஃப்ரீரேடியஸின் கிளையன்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டின் ஐபியையும் ஒரு ரகசியச் சொல்லையும் எழுத வேண்டும். இங்கே கிளையன்ட் என்றால் லேப்டாப் இல்லை, ஆக்சஸ் பாயின்ட். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ரகசியம், முப்பது எழுத்துக்குக் குறையாமல். யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை, ஒரு தடவை ஒட்டுவதோடு சரி. ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் மெசேஜ் ஆதென்டிகேட்டர் (செய்தியை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் முத்திரை) கட்டாயம் என்ற அமைப்பை இயக்கிவிடுங்கள். வைஃபையில் அடையாளம் சரிபார்க்க ஓடும் ஈஏபி உரையாடலில் அது எப்போதும் இருக்கும். மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) பார்த்து விடும் வகை அனுமதியில் இல்லாமல் போகலாம், பிளாஸ்ட்ரேடியஸ் அந்த வழியாகத்தான் வரும்.

படி 5: சர்டிஃபிகேட்

இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் செய்ததும் வீண்.

பெரும்பாலான அலுவலகங்கள் எடுப்பது பீஈஏபி என்ற முறை. முதலில் லேப்டாப்பும் ரேடியஸ் சர்வரும் ஒரு டிஎல்எஸ் சுரங்கத்தை (குறியாக்கம் செய்த பாதையை) அமைத்துக்கொள்கின்றன. அதற்குள் எம்எஸ்சாப் பதிப்பு 2 வழியாக யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சரிபார்க்கப்படுகின்றன. இந்த எம்எஸ்சாப் தனியாக நின்றால் பலமில்லாதது. எதிர்முனையில் இருப்பவர் உரையாடலைப் பதிவு செய்தால் ஒரே ஒரு 56 பிட் டெஸ் சாவியைத் தேடும் வேலையாக அதைச் சுருக்கிவிடலாம் என்று 2012-இல் டெஃப்கான் மாநாட்டில் செய்தே காட்டினார்கள். ஆக, முழுப் பாதுகாப்பும் வெளியே உள்ள சுரங்கத்தில் இருக்கிறது. எதிரே இருப்பது நம் சர்வர்தானா என்று போன் சரிபார்க்காவிட்டால், யாரோ ஒருவர் வாசலில் அதே வைஃபை பெயரில் ஒரு பெட்டியை வைத்து உங்கள் ஆட்களின் பாஸ்வேர்டுகளை வாரிக்கொள்ளலாம்.

அதனால் கம்பெனிக்கென்று ஒரு ரூட் சர்டிஃபிகேட் (மற்ற சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்திடும் தாய்ச் சர்டிஃபிகேட்) உருவாக்குங்கள், பத்து வருடத்துக்கு. அதன் தனிச் சாவியைப் பென்டிரைவில் எடுத்து முதலாளியின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள், சர்வரில் விடாதீர்கள். அந்த ரூட்டைக் கொண்டு ரேடியஸ் சர்வருக்கு ஒரு சர்டிஃபிகேட். அதில் சர்வர் உபயோகத்துக்கு என்ற குறிப்பும், கம்பெனி டொமைனில் ரேடியஸ் என்று தொடங்கும் ஒரு பெயரும் இருக்க வேண்டும். இந்தப் பெயர்தான் பிற்பாடு ஒவ்வொரு போனிலும் தட்டப்போவது. ஆயுள் 825 நாளுக்குள் இருக்கட்டும். 2019 ஜூலைக்குப் பிறகு வழங்கிய டிஎல்எஸ் சர்வர் சர்டிஃபிகேட்டுகளுக்கு ஆப்பிள் அந்த வரம்பை வைத்திருக்கிறது.

ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரி சர்டிஃபிகேட்டை அப்படியே ஓட்டாதீர்கள். அதன் ஆயுள் 60 நாள். நான் ஆரம்பத்தில் அமைத்த ஓர் அலுவலகத்தில் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டு மறந்துபோனேன். இரண்டு மாதம் கழித்து, கன்டெய்னர் ஏற்ற வேண்டிய நாள் காலை, ஒரு லேப்டாப்பும் இணையவில்லை. பேக்கிங் லிஸ்ட் அடிக்க முடியாமல் எட்டுப் பேர் நின்றார்கள், வெளியே லாரி நின்றது. புது சர்டிஃபிகேட் போட்டுச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து காலாவதித் தேதியை மூன்று பேருடைய போன் காலண்டரில் ஒரு மாதம் முன்கூட்டியே போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

படி 6: ஆட்கள்

ஐம்பது பேர் வரை என்றால் யூசர்ஸ் கோப்பே போதும். அதற்கு மேல் மரியாடிபி மாதிரி ஒரு டேட்டாபேஸ். எம்எஸ்சாப் வேலை செய்ய சர்வரிடம் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவோ என்டி ஹேஷ் (விண்டோஸ் பாஸ்வேர்டை உருமாற்றி வைக்கும் வகை) வடிவிலோ இருந்தாக வேண்டும். ஈஆர்பியில் வேறு ஹேஷில் உள்ள பாஸ்வேர்டுகளை இங்கே இழுக்க நினைத்தால் நடக்காது. அப்படி வேண்டுமென்றால் டிடிஎல்எஸ் முறையில் பேப் (சுரங்கத்துக்குள் பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவது) என்று போக வேண்டும். என் கருத்து: வைஃபைக்குத் தனிப் பாஸ்வேர்டு, நாமே உருவாக்கி, ஒரு தடவை போனில் ஏற்றிவிட்டால் ஆளுக்கே நினைவில் இருக்கத் தேவையில்லாதபடி நீளமாக. யூசர் பெயராக எம்ப்ளாயி நம்பரை வையுங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் பெயரை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒருவரை எந்த வீலானில் போடுவது என்பதையும் ரேடியஸே சொல்லும். பதிலில் மூன்று பண்புகள் போக வேண்டும்: டனல் டைப் 13, டனல் மீடியம் டைப் 6, டனல் பிரைவேட் குரூப் ஐடி 20 (இதுதான் வீலான் எண்). மூன்றையும் எழுதிய பின்னும் ஆள் பழைய வீலானிலேயே விழுந்தால் பயப்படாதீர்கள். பீஈஏபியில் சுரங்கத்துக்கு உள்ளே எழுதிய பதில் தானாக வெளியே வராது. இன்னர் டனல் கோப்பின் போஸ்ட் ஆத் பகுதியில் அவற்றை வெளிப்பதிலுக்கு நகர்த்தும் வரிகள் மாதிரியாகவே இருக்கும், அவற்றை இயக்கினால் சரியாகிவிடும். இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விட்டவன் என்பதால் சொல்கிறேன்.

படி 7: புதுப் பெயர், பழைய பெயர் இரண்டும் ஓடட்டும்

ஆக்சஸ் பாயின்ட்டில் புது வைஃபை பெயர் ஒன்று. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 எண்டர்பிரைஸ், குறியாக்கம் ஏஈஎஸ். டிகிப் என்ற பழைய குறியாக்கம் வேண்டாம். நிர்வாக ஃப்ரேம் பாதுகாப்பை (போலித் துண்டிப்புச் செய்திகளைத் தடுப்பது) விருப்பம் என்ற நிலையில் வையுங்கள், கட்டாயமாக்கினால் சில பழைய லேப்டாப்கள் ஒதுங்கிவிடும். ரேடியஸ் ஐபி, 1812, அந்த ஆக்சஸ் பாயின்ட்டின் ரகசியம். பழைய பெயரை இன்னும் தொடாதீர்கள்.

படி 8: சோதனை

ஃப்ரீரேடியஸ் சேவையை நிறுத்திவிட்டு, ஹைஃபன் போட்டுப் பெரிய எக்ஸ் குறியோடு கையால் இயக்குங்கள். நடப்பதெல்லாம் திரையில் ஓடும். ஒரே ஒரு லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். திரை அசையவே இல்லை என்றால் பாக்கெட் சர்வரைத் தொடவில்லை: வீலான், ஃபயர்வால், தவறான ஐபி. தெரியாத கிளையன்ட் என்று வந்தால் அந்த ஆக்சஸ் பாயின்ட்டை நீங்கள் பதியவில்லை. ரகசியம் தவறு என்றால் மெசேஜ் ஆதென்டிகேட்டர் செல்லாது என்று அதுவே சொல்லிவிடும். "அன்நோன் சிஏ" என்று வந்தால் தவறு சர்வரில் இல்லை. லேப்டாப் நம் ரூட்டை நம்பவில்லை, அதில் ரூட்டை ஏற்றவில்லை என்று பொருள். அக்செப்ட் (அனுமதி) வந்தும் ஐபி கிடைக்கவில்லை என்றால் டிரங்க் போர்ட்டையும் டிஎச்சிபியையும் பாருங்கள்.

படி 9: போன்களும் லேப்டாப்களும்

ஆண்ட்ராய்டில் ரூட் சர்டிஃபிகேட்டை வைஃபை வகையாக ஏற்றி, டொமைன் என்ற இடத்தில் சர்வரின் பெயரைத் தட்ட வேண்டும். "சரிபார்க்க வேண்டாம்" என்ற தேர்வு இருந்தால் யாரையும் அதைத் தொட விடாதீர்கள். ஆண்ட்ராய்டு 11-இன் 2020 டிசம்பர் அப்டேட்டில் பிக்ஸல் போன்களிலிருந்து அது எடுக்கப்பட்டது, ஆனால் பழைய போன்களில் இன்னும் இருக்கும். ஐபோனுக்கு ஒரு புரொஃபைல் கோப்பு செய்து அனுப்பினால் ஒரே தட்டு. விண்டோஸில் ஒரு லேப்டாப்பில் சரியாக அமைத்து, அந்தப் புரொஃபைலை ஏற்றுமதி செய்து மற்றவற்றில் ஏற்றலாம். கம்பெனி லேப்டாப்களுக்கு மட்டுமாவது நாளடைவில் ஈஏபி டிஎல்எஸ் முறைக்குப் போங்கள். அதில் பாஸ்வேர்டே கிடையாது, கருவிக்கென்று ஒரு சர்டிஃபிகேட்தான்.

802.1எக்ஸ் தெரியாத கருவிகள் இருக்கும்: பயோமெட்ரிக் மெஷின், பழைய பிரின்டர், மீட்டிங் ரூம் டிவி. கேபிள் போட முடிந்தவற்றுக்குக் கேபிள் போட்டு, அந்தப் போர்ட்டை 30-இல் வையுங்கள். மற்றவற்றுக்கு 30-இல் தனிப் பெயரும் நீளமான பாஸ்வேர்டும். அந்தப் பாஸ்வேர்டு யாருடைய போனுக்கும் போகக் கூடாது. மேக் முகவரியை மட்டும் நம்பி விடாதீர்கள், அதைப் போலியாகப் போடுவது சுலபம். இன்றைய போன்கள் தாமே அதை மாற்றிக்கொள்கின்றன.

படி 10: மாற்றும் நாட்கள்

ஷிப்மென்ட் வாரத்தில் தொடாதீர்கள். முதலில் கணக்குப் பிரிவு, நாலைந்து பேர்தான் இருப்பார்கள், ஒரே அறை. இரண்டு நாள் கழித்து மெர்ச்சண்டைசிங், பிறகு மற்றவர்கள். ஒவ்வொருவரின் போனையும் வாங்கி நீங்களே அமைத்துக் கொடுங்கள். தாளில் அடித்துக் கொடுத்தால் சரிபார்ப்பை விட்டுவிட்டு இணைத்துவிடுவார்கள். எல்லாரும் வந்த பின் பழைய பெயரை ஒரு வாரம் வைத்திருங்கள், யார் இன்னும் அதில் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒவ்வொன்றாக இழுங்கள். அப்புறம் அணைத்துவிடலாம்.

ஒரே ரேடியஸ் சர்வர் என்றால் அது நின்ற நிமிடம் புதிதாக யாரும் இணைய முடியாது. அதே கோப்புகளோடு இன்னொரு பழைய கம்ப்யூட்டரை இரண்டாவதாக வையுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டில் இரண்டாவது ஐபிக்கு இடம் இருக்கும். பதிவுகளை 180 நாள் வைத்திருங்கள். நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை அத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் உத்தரவிட்டிருக்கிறது.

ஒருவர் வேலையை விடும் நாளில் அவருடைய வரியை நீக்கினால் மட்டும் போதாது. ஏற்கெனவே இணைந்திருக்கும் போன் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக இணையும்போதுதான் டைம் ஆபீஸ் "இல்லை" என்று சொல்லும். ஆக்சஸ் பாயின்ட்டில் அந்தக் கருவியைத் துண்டியுங்கள், அல்லது போர்ட் 3799 வழியாக ரேடியஸிலிருந்தே துண்டிப்புக் கட்டளை அனுப்புங்கள். இரண்டும் முடியாத பழைய ஆக்சஸ் பாயின்ட் என்றால், எல்லாருக்கும் செஷன் டைம்அவுட் எட்டு மணி நேரம் என்று வைத்துவிடுங்கள். எச்ஆரில் செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்து வாங்கும் பட்டியலில், ஐடி கார்டு, லாக்கர் சாவி ஆகியவற்றுக்குக் கீழே "வைஃபை நிறுத்தம்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.